சூசையம்மா எழுதிய முதுகுகள்

1955, மார்கழி. காலை ஆறரைக்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். விராலிமலை பதினெட்டு மைல். டிக்கெட் பதினோரு அணா. அங்கிருந்து மூன்று மைல் மாட்டுவண்டி. "எங்கூர்ல சித்திரம் எழுதவா இம்புட்டுத் தூரம் வாரீங்க?" என்று வண்டிக்காரர் வழியெல்லாம் சிரித்தார்.

ஊர்ப் பள்ளி ஆசிரியர் சவரிமுத்து என் நண்பர். மாதாகோயிலின் கதையை ஊர்க்காரர்களே பள்ளிச் சுவரில் எழுத வேண்டும், வீட்டுக்கு ஒருவர், நினைவில் இருப்பதை இருக்கிறபடியே என்பது அவர் யோசனை. டிராயிங் மாஸ்டரான நான் மேற்பார்வை. அந்தக் கோயிலுக்குள் முன்பு சாதி பிரிக்கும் மரக்கிராதித் தடுப்பு ஒன்று இருந்தது. முன்னால் மேலத்தெரு, பின்னால் கீழத்தெரு. அதை எடுத்து ஆறு வருஷம் ஆகிறது.

ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். செங்காவி, அடுப்புக்கரி, சலவை நீலம், அவ்வளவுதான் வர்ணம். மேலத்தெருக்காரர்கள் பீடத்தையும் சாமியாரையும் எழுதினார்கள். கீழத்தெரு சூசையம்மா, நடவு வேலைக்குப் போகிறவர், கரியால் வரிசையாக ஐந்து தலைகளைத் தோளோடு எழுதினார். ஒன்றுக்கும் முகமில்லை. அவர் கஞ்சி குடிக்கப் போன நேரம் பார்த்து, என் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? ஐந்து தலைக்கும் கண்ணும் மூக்கும் வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் திகைத்து நின்றார். "யாருங்க இவுக?"

"நீங்க எழுதுனவங்கதாம்மா. மொகம் விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலீங்க. கிறிஸ்மஸ் பூசையில சேசுபாலனைப் பாக்கணும்னு எம் மக அழுதா. கிராதிக்கு இங்கிட்டு நின்னு தூக்கித் தூக்கிப் புடிச்சேன். முதுகுதாங்க தெரிஞ்சுச்சு. அடுத்த கிறிஸ்மஸுக்கு அவ இல்ல. அவ கண்டதத்தான் எழுதுனேன்."

சுவருக்குச் சுண்ணாம்பு கொடுத்த மேலத்தெரு ஞானப்பிரகாசம் குறுக்கே வந்தார். "கிராதிதான் போயிருச்சுல்ல? மொகம் இருந்தா லெச்சணமாத்தான் இருக்கு. வேண்டாம்னா அந்தப் பக்கத்த வெள்ளையடிச்சிருவோம்."

சவரிமுத்து என்னைப் பார்த்தார். "மொகம் வச்சது நான். அதை மட்டும் நானே அழிக்கிறேன்" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். கோபம் என் மேல்தான். ஈரத்துணியால் துடைத்துக் கரி பூசினேன். ஐந்தும் பழையபடி முதுகு காட்டின.

ஞானப்பிரகாசம் போகவில்லை. நடுவில் இருந்த அகலத் தோளைக் காட்டி, "இது யாரு?" என்றார்.

"நீங்கதாங்க."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வெள்ளையடிக்கும் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

நான்கு மணிக்கு வண்டி ஏறும்போது சூசையம்மா, முதுகுகளுக்கு இப்பால், உயரத் தூக்கிய சின்னப் பிள்ளை ஒன்றை நீலத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு பூசைக்குத் திருச்சியில், வழக்கம்போல் இரண்டாம் வரிசையில் நின்றேன். பின்னால் நிற்பவர்களை அதுவரை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. முதுகு கூசியது.