குடைக்குள் இருந்தவர்

இனோகுமா தொகுஜி 1938இல் மாய்சுருவில் ஒரு மீனவர் வீட்டில் பிறந்தார். கியோட்டோ ஸ்டூடியோவில் வாள்சண்டைக் காட்சிகளில் வெட்டுப்பட்டு விழுவது அவர் வேலை. 1968இல் ஒரு பேய்ப்படத்தில், நீண்ட நாக்கு தொங்கும் ஒற்றைக்கால் குடைப்பேய் வேடம் கிடைத்தது. இடது காலை மடக்கித் துணியால் தொடையோடு கட்டி, பதினொரு கிலோ குடைக்கூட்டுக்குள் அவரை இறக்குவோம். வலது காலால் மட்டும் குதிக்க வேண்டும்.

தளத்தின் தினப்பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. பேய் உடையில் இருப்பவரைச் சொந்தப் பெயரால் அழைப்பதில்லை என்பது எங்கள் தளத்து வழக்கம். அழைத்தால் பேய்க்கு அந்தப் பெயர் தெரிந்துவிடுமாம்.

“ஏய் குடை, நாக்க மிதிச்சுக்காதடா!” என்று விளக்குக்காரர்கள் கத்துவார்கள்.

“எனக்கு நாக்குதான் நீளம். உங்களுக்கு வாயே நீளம்!” என்று உள்ளிருந்து பதில் வரும்.

நானும் பதிவேட்டில், “குடை, காலை 7.40, வருகை” என்றே எழுதினேன்.

படத்தில் அவர் பெயர் வரவில்லை. படம் பார்க்க வந்த அவருடைய அப்பா கேட்டார்: “இதுல நீ எங்கடா?”

“குடைப்பா.”

“போடா, குடைக்குள்ள யாராவது இருப்பானா?”

நம்பாமலே அப்பா இறந்துபோனார்.

2005இல் அதே கதையை மீண்டும் எடுத்தார்கள். இம்முறை குடை கணினியில் குதித்தது. பழைய நடிகரின் பெயரை இறுதியில் போட விரும்பி, உதவி இயக்குநர் மிசுயே என்ற பெண் எங்களை அழைத்தாள். தொகுஜி கோலூன்றி வந்தார்.

“மூணு பேரு அந்தக் குடை நான்தான்னு சொல்றாங்க ஐயா. எழுத்துல ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள்.

தொகுஜி கால்சட்டையைச் சுருட்டி, இரண்டு முறை அறுத்த வலது முட்டியைக் காட்டினார். “இது போதாதாம்மா?”

அவள் தலை குனிந்தாள். தொகுஜி என் பக்கம் திரும்பினார். “நாகெய் அண்ணே, நீங்க ஒரு நாளும் விடாம எழுதினீங்களே. எடுத்துக் காட்டுங்க.”

எடுத்துக் காட்டினேன். முப்பத்தோரு நாளும் குடை, குடை, குடை. என் வாய்ச்சொல்லை நிறுவனம் ஏற்கவில்லை.

படம் வெளியானபோது நானும் அவரும் சேர்ந்து பார்த்தோம். எழுத்துகள் முடிந்து விளக்கு எரிந்தது. “பரவால்லண்ணே. அப்பா சொன்னதுதான் சரின்னு ஆயிடுச்சு,” என்றார். மறு பிப்ரவரியில் காலமானார்.

முடித்துக் கையெழுத்திட்ட பதிவேட்டை நான் ஒருபோதும் திருத்தியதில்லை. இதையும் திருத்தவில்லை. ஆகவே தனித்தாளில் எழுதுகிறேன்: 1968 ஜூன் 3 முதல் ஜூலை 3 வரை, ஒருநாள் தவறாமல், குடைக்குள் இருந்தவர் இனோகுமா தொகுஜி.