ஓதம் ஏறிய சுவர்

ஷம்ஷாத் அம்மா தினமும் காலையில் ஹாலில் ஓதம் ஏறிய சுவரைத் துடைப்பார். பழைய கைலியில் கிழித்த துணி, சிவப்பு பிளாஸ்டிக் வாளி. துணியை அரைகுறையாகப் பிழிந்து, முதலில் ஓரம், பிறகு நடு என்று வட்டமாகக் கொண்டுபோவார். சுண்ணாம்பு உப்பி உதிர்ந்த இடத்தில் மட்டும் துணியை விரித்து, காய்ச்சல்காரர் நெற்றியில் வைப்பதுபோல் உள்ளங்கையால் அழுத்தியபடி கொஞ்ச நேரம் நிற்பார். பூந்தமல்லியில் அவர் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். வேலைக்கு இறங்கும்போது படியிலிருந்து பார்ப்பேன்.

கணவர் ஷேக் தாவூத் இறந்துபோன பிறகு கீழே அவர் மட்டும்தான். முகப்பேரில் ஃப்ளாட்டில் இருக்கும் மகன் ராஷித், வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வரச் சொன்னான். இவரோ முன்பக்கத்தை வாடகைக்கு விட்டுப் பின் அறையில் இருந்துகொள்கிறேன் என்றார்.

“தனியா விழுந்து கெடந்தா யாரும்மா பாக்கறது?”

“மாடியில தம்பி இருக்குல்ல.”

“அவரா? சலாம் சொன்னாலே பயந்து ஓடுவாரு.”

நான் அப்போது படியில்தான் நின்றிருந்தேன். உண்மையாகவே மேலே ஓடிவிட்டேன். அம்மாவின் குரல் பின்னாலேயே வந்தது.

“வாடகைக்கு விட்டா இது என் வீடு. வித்துட்டா உன் வீட்ல நான் விருந்தாளி. எத்தன நாளைக்குடா விருந்து?”

ராஷித் கோபக்காரன் இல்லை. கடைசியில் அம்மாவே ஒரு முடிவு சொன்னார். “இந்த ஓதத்தப் பாத்துட்டும் ஒருத்தன் சரின்னா வித்துக்கோ. இல்லன்னா வாடகைதான்.”

தரகர் பூபாலன் ஆட்களைக் கூட்டிவந்தார். “இன்னாம்மா, சித்திர வெயில்ல கூட ஊறிகினு கீது?” என்று தலையில் கைவைத்துக்கொள்வார். அம்மா எதையும் மறைக்கவில்லை. வந்தவர்களை அந்தச் சுவரை ஒட்டியே உட்காரவைத்து ரோஸ்மில்க் கொடுத்தார். குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை.

என் குளியலறை அந்தச் சுவருக்கு நேர் மேலே. காரணம் நான்தான் என்று பயந்து அரை வாளியில் குளித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தயங்கித் தயங்கி அதைச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார்.

“நல்லா குளி தம்பி. அது உன் தண்ணி இல்ல.”

பிறகு ஒரு பில்டர் வந்தார். வீட்டுக்குள் வரவே இல்லை. தெருவில் நின்று காம்பவுண்டின் நீளத்தைக் கண்ணால் அளந்தார்.

“உள்ள வந்து ஓதத்தப் பாக்கச் சொல்லு பூபாலா,” என்றார் அம்மா.

“அவரு ஊட்ட வாங்கலம்மா. மனையத்தான் வாங்குறாரு. இடிச்சிட்டு ஃப்ளாட் கட்டப் போறாரு. செவுரு எப்டி இருந்தா அவருக்கு இன்னா?”

அம்மா திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் அவர் துடைக்கவில்லை. துணி வாளி விளிம்பில் விறைத்துக் கிடந்தது. சில நாளில் சுவர் வெளுக்க ஆரம்பித்தது. வெயில்தான் என்று நினைத்தேன். வீட்டை விற்றபின் ராஷித் சாமான்களை ஆட்டோவில் ஏற்றும்போது, அம்மா அந்த வாளியை மட்டும் வேண்டாமென்று கீழே இறக்கி வைத்தார்.

நான் அம்பத்தூருக்கு மாறினேன். மாடியில் மறந்துபோன புத்தகக் கட்டு ஒன்றை எடுக்க வந்த அன்று வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஹால் சுவர் பாதி விழுந்திருந்தது. பாத்ரூம் தண்ணீர் அதற்குள்தான் இறங்கியதா என்று இடிப்பவரிடம் கேட்டேன். அவர் ஒரு செங்கல்லை எடுத்துக் காட்டினார்.

“இதுல பைப்பே இல்ல நைனா. பைப்பு அந்தாண்ட போவுது. ஊறுன கறை பூச்சுல மட்டுந்தான், கல்லு உள்ள எலும்பு மாதிரி காஞ்சி கீது பாரு. தண்ணி மேல இருந்து எறங்கல. யாரோ ஹால் பக்கமா இருந்து ஊத்திகினே இருந்துகீறாங்க.”