சத்தத்தை உள்ளே விடாத பலகைகள்

மரச்சட்டத்தில் அடித்த ஸ்டேப்ளர் ஊசிக்கு அடியில் திருப்புளியை நுழைத்து நெம்பினால் ஒரு கால் மட்டும் வெளியே வரும். மற்றது மரத்துக்குள்ளேயே முறிந்து நிற்கும். அதைக் குறடால் பிடித்து இழுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து அவர் கைகளுக்கு இதே வேலை. போன வாரம் இதே கைகள்தான் விரற்கடைக்கு ஒன்றாக ஊசி அடித்திருந்தன. ஒன்றுகூடத் தளரவில்லை. எரிச்சலே அதுதான்.

சோபா தைப்பது அவர் தொழில். யாரிடமும் நின்று கற்கவில்லை. பழைய சோபாக்களைப் பிரித்துப் பிரித்தே படித்துக்கொண்டவர். மனைவி பின்னறையில் உட்கார்ந்து புத்தகங்களை வாசித்து ஒலிநூலாகப் பதிவு செய்கிறவர். கிணற்றுக்குள் பேசுவதுபோல எதிரொலிக்கிறது என்று பதிப்பகம் இரண்டு முறை திருப்பியனுப்பிவிட்டது. இந்த வெள்ளி மாலை நான்கு மணிக்குள் சுத்தமான பதிவு வராவிட்டால் வேறு குரல் தேடிக்கொள்வார்களாம்.

"சட்டம், பஞ்சு, துணி. இதைப் போய் வெளியில வாங்குவாங்களா?" என்று, எதிரொலியை உறிஞ்ச எட்டுப் பலகைகளை அவரே செய்தார். கண்ணாடி நார்ப் பஞ்சை அடைத்து, தூள் உதிராமல் பிளாஸ்டிக் தாள் போர்த்தி, அதன்மேல் தன் கடையிலிருந்த உயர்ந்த ரெக்சினை மத்தளம்போல இழுத்து அடித்தார். சுவரில் மாட்டியும் எதிரொலி போகவில்லை.

ஒலிபெருக்கிக் கடையில் வேலை செய்யும் மச்சினன் வியாழன் மாலை வந்து, அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினான்.

"மாமா, சத்தம் உள்ள போய்ப் பஞ்சுல அடங்கணும். நீங்க வாசல்லயே கதவைச் சாத்திட்டீங்க."

"ரெக்சின் பத்து வருஷம் உழைக்கும் மாப்ள."

"அது உழைக்கும். அக்காவுக்குத்தான் வேலை இருக்காது. துணியில வாயை வச்சு ஊதிப் பாருங்க. அந்தப் பக்கம் காத்து வரணும்."

ரெக்சினையும் பிளாஸ்டிக் தாளையும் பிரித்து முடித்ததும் தன் கடைக்குப் போய் ஒவ்வொரு துணியாக ஊதினார். நல்ல துணி எல்லாவற்றுக்கும் பின்னால் ரப்பர் பூச்சு. உள்ளங்கையில் மூச்சு படவேயில்லை. நார் குத்திய முழங்கை வேறு அரித்தது. கடைசியில் காற்று தாராளமாக வந்தது ஒன்றில்தான்: சோபாவின் அடியில், தரையைப் பார்த்தபடி அடிக்கிற மட்டமான கறுப்புத் துணி.

"அதையா சுவத்துல மாட்டப் போறீங்க?" என்றார் மனைவி.

"என் தலையெழுத்து."

ஏழு பலகைகள் சுவருக்குப் போனபோது மணி இரண்டரை. மனைவி ஒரு வரி படித்துப் பார்த்தார். குரல் வாயை விட்டுப் போன இடத்திலேயே நின்றது. முதுகுப் பக்கத்து மூலையில் மட்டும் எதிரொலி கொஞ்சம் மிச்சம். எட்டாவதில் துணி மடிப்பு ஒரு முனையில் சுருங்கியிருந்தது. அவர் மறுபடியும் திருப்புளியை எடுத்தார்.

"என்னங்க, அப்படியே குடுங்க."

"சுருக்கம் இருக்கு."

"சுருக்கம் காதுல கேக்காதுங்க. நான் இன்னும் ஒரு மணி நேரம் படிக்கணும்."

சுருக்கத்தோடு ஒரு வேலை அவர் கையைவிட்டுப் போனதில்லை. கட்டைவிரலால் அந்த முனையை இரண்டு முறை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். அது படியவில்லை. பலகையைத் தூக்கி, அறை வாசலில் நின்ற மனைவியின் கைகளில் கொடுத்தார்.