கலைமதி போட்ட குலவை

கலைமதிக்குப் பாட வராது. யாரிடமும் இதை அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். வையம்பட்டியில் ஏழாம் வகுப்பு படித்தபோது, காலை வணக்கப் பாட்டுக்கு நின்ற வரிசையிலிருந்து டீச்சர் அவளை மெல்லப் பின்னுக்கு நகர்த்தி, "நீ வாயை மட்டும் அசைம்மா, போதும்" என்று சொன்னார். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. பாட்டு நமக்கில்லை என்று அன்றே விட்டுவிட்டாள்.

ஆனால் குலவை போட வரும். ஊரில் மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுக்கும் நாளில் நாக்கைச் சுழற்றி அவள் எடுத்தால், ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும் என்பார்கள். நடவு முடிந்தாலும், யார் வீட்டுப் பெண்ணாவது வயதுக்கு வந்தாலும், "கலைமதியைக் கூப்பிடுங்க" என்று ஆள் வந்துவிடும். மற்றப் பெண்கள் அவளுக்குப் பின்னால்தான் எடுப்பார்கள். அதைப் பாட்டு என்றோ இசை என்றோ யாரும் சொன்னதில்லை. அவளுக்கும் அப்படித் தோன்றியதில்லை.

கல்யாணமாகித் திருச்சிக்கு வந்த பிறகு குலவைக்கு வேலை குறைந்துபோனது. கணவர் சுரேஷ்குமார் துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டர். கலைமதி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், நஜ்முன்னிசா அக்கா நடத்தும் தையல் கடையில் ரவிக்கை தைத்தாள். நாள் முழுக்க நாலு மெஷினும் ஓடும், வெளியே பஸ்கள் ஹாரன் அடிக்கும். அங்கே கத்திப் பேசினால்தான் காதில் விழும். கலைமதிக்கு அது ஒரு சிரமமே இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் மருங்காபுரியில் நாத்தனார் மகன் கல்யாணம் நடந்தது. வரவேற்புக்கு மெல்லிசைக் கச்சேரி வைப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருக்க, மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் 'அக்கரை' என்று ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். குழுவில் மூன்றே பேர். உறுமியும் பம்பையும் வாசிக்கிற அழகர்சாமி, பகலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பேஸ் கிட்டார் தைரியராஜ், பாலக்கரைப் பக்கம் ஒரு மாதா கோயில் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்து வாசிப்பவர். கீபோர்டும் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு நடுவில் நின்ற பெண் ஆஃப்ரின். பாட்டு அமைப்பதும் அவள்தான், பாடுவதும் அவள்தான்.

முதல் இரண்டு பாட்டுக்குக் கலைமதி பந்தியில் இருந்தாள். மூன்றாவது பாட்டில் உறுமி மெதுவாக உறுமி, அடியில் கிட்டார் தும் தும் என்று சேர்ந்து, பம்பை வேகம் எடுத்தபோது அவள் கை கழுவிவிட்டு வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வேகம் உச்சிக்குப் போய் ஒரு நொடி எல்லாம் நின்றது. அந்த ஒரு நொடியில் கலைமதியின் வாயிலிருந்து குலவை கிளம்பிவிட்டது.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. மகள் பானுப்ரியா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். சுரேஷ்குமார் கையிலிருந்த ஐஸ்கிரீம் கப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மேடையில் ஆஃப்ரின் மட்டும் கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல், குரல் வந்த திசையில் கழுத்தை நீட்டித் தேடினாள்.

கச்சேரி முடிந்ததும் நேராக வந்தாள். "அக்கா, அது நீங்கதானே?"

"தெரியாம வந்துடுச்சு பாப்பா. மன்னிச்சுக்க."

"எதுக்குக்கா மன்னிக்கணும்? ரெண்டு மாசமா அந்த இடத்துல என்ன வைக்கிறதுன்னு தெரியாம கம்ப்யூட்டர்ல என்னென்னமோ சத்தம் போட்டுப் பார்த்துட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கம் வாங்க. எங்ககூட போடுங்க."

கலைமதி சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது சுரேஷ்குமார் உடனே சம்மதிக்கவில்லை. "சாமிக்குப் போடுறதைக் கொண்டுபோய் மேடையில போடுறதா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சந்தேகமாகத்தான் கேட்டார். அதே சந்தேகம் கலைமதிக்கும் இருந்தது. இரண்டு நாள் மெஷின் முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். மூன்றாம் நாள் சாப்பாடு போடும்போது சொன்னாள்: "நடவு முடிஞ்சா சேத்துல நின்னு போடுறோம். சடங்கு வீட்டுல போடுறோம். சந்தோஷம் வந்தா போடுறதுதாங்க அது. அன்னிக்கு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

சுரேஷ்குமார் ரசத்தை ஊற்றிக்கொண்டு, "சரி, ஞாயித்துக்கிழமை நானே கொண்டுவந்து விடுறேன்" என்றார்.

ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்தர வீதிக்குப் பின்பக்கம் ஒரு வீட்டு மாடியில் அவர்கள் ஒத்திகை பார்ப்பார்கள். கலைமதியை நிற்க வைத்து, காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, வாய்க்கு எதிரே மைக்கை வைத்தார்கள். ஹெட்போனுக்குள் டிக் டிக் என்று தாளம் கேட்டது. ஆஃப்ரின் கை காட்டினாள். கலைமதி வாயைத் திறந்தாள். குலவை வரவில்லை. பல்லி கத்துவது போல ஒன்று வந்தது. இன்னொரு தரம் முயன்றாள், சிரிப்பு வந்தது. அடுத்த தரம் உண்மையாகவே எடுத்தாள். எடுத்த வேகத்தில் லேப்டாப்பில் சிவப்பு விளக்குகள் எரிந்து, தைரியராஜ் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இல்ல பாப்பா, இது ஆகாது" என்று கலைமதி ஹெட்போனைக் கழற்றினாள். "சுவத்தைப் பாத்துக்கிட்டு யாருக்குப் போடுறது? குலவைன்னா நாலு பேரு இருக்கணும். வெளியில கேக்கணும்."

அழகர்சாமி உறுமியை மடியில் வைத்தபடி, "தங்கச்சி சொல்றது சரிதானே. வெளியில போய்ப் போடட்டுமே" என்றார்.

மைக்கை அறைக்குள்ளேயே விட்டுவிட்டு, கதவைத் திறந்து, கலைமதியை மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். வெயில் அடித்தது. பக்கத்து மாடியில் யாரோ வடகம் காயப் போட்டிருந்தார்கள். தென்னை மரங்களுக்கு மேலே கோபுரம் தெரிந்தது. உள்ளே உறுமி எழும்பியது. கலைமதி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாக்கைச் சுழற்றி ஒரே மூச்சில் எடுத்தாள். வடகத்தின் மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன. அறைக்குள்ளிருந்து ஆஃப்ரின் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கார அம்மா, கோதை மாமி, மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "என்னடீம்மா இது, யாருக்காவது ஏதாவது ஆயிடுத்தோன்னு பயந்துண்டு ஓடி வரேன்" என்றார். கலைமதி தலையைக் குனிந்தாள். விஷயத்தைச் சொன்னதும் மாமி சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அடியேன் இதைக் கேட்டு எத்தனை நாளாச்சு. பெரிய பெருமாள் கிருபை, காக்காயும் போச்சு, அடுத்தாத்து வடகமும் பிழைச்சுது. இன்னொரு தரம் போடு, கேட்கறேன்."

அந்த வருடம் பொங்கலுக்கு உறையூர்ப் பக்கம் ஒரு திடலில் வியாபாரிகள் சேர்ந்து விழா நடத்தினார்கள். கலைமதி மேடை ஏறிய முதல் நிகழ்ச்சி அதுதான். நஜ்முன்னிசா அக்கா கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு, முன் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். கூட்டம் நிறைய இருந்தது. ஆனால் யாரும் கேட்கவில்லை. பாதிப்பேர் போனைப் பார்த்தார்கள், மீதிப்பேர் பக்கத்து ஸ்டாலில் மிளகாய் பஜ்ஜிக்கு நின்றார்கள். இரண்டு பாட்டு முடிந்ததும் விழாக்காரர் ஒருவர் மேடை ஓரம் வந்து, "தம்பி, சினிமாப் பாட்டு ஏதாவது போடுங்க. ஜனங்க எந்திரிக்கிறாங்க" என்றார். தைரியராஜின் முகம் சுண்டிப்போனது.

ஆஃப்ரின் அவரிடம், "இன்னும் ஒரே ஒரு பாட்டு சார்" என்றாள். பிறகு கலைமதியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கலைமதி முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். உறுமி தொடங்கியது. அவள் கூட்டத்தைப் பார்க்காமல் அழகர்சாமியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளைந்த குச்சி தோலைத் தேய்க்கத் தேய்க்க, அவளுடைய பயம் எங்கோ போய்விட்டது. பம்பை ஓய்ந்த இடத்தில் எடுத்தாள். ஒலிபெருக்கியில் அது திடலைத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் போனது.

பிறகு கூட்டத்தின் பின்னாலிருந்து, பஜ்ஜிக் கடைப் பக்கமிருந்து, ஒரு பெண் பதில் குலவை போட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. நடு வரிசையில் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா கைக்குழந்தையை மருமகளிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்று எடுத்தார். கலைமதி திரும்பவும் போட்டாள். இப்போது இருபது முப்பது பேர் பதில் கொடுத்தார்கள்.

சிக்கல் அப்போதுதான் வந்தது. லேப்டாப்பில் தயார் செய்து வைத்திருந்த தாளம் அதற்குரிய நேரத்தில் நின்றுவிட்டது. ஆஃப்ரின் வணக்கம் சொல்லக் கையைக் கூப்பினாள். பெண்கள் நிறுத்தவில்லை. அவர்கள் போட, கலைமதி பதில் போட, அவள் போட, அவர்கள் போட என்று போய்க்கொண்டே இருந்தது. கீழே வைத்த குச்சியை அழகர்சாமி திரும்ப எடுத்தார். தைரியராஜ் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் மீட்டினார். ஆஃப்ரின் லேப்டாப்பை மூடிவிட்டு, கீபோர்டில் அவர்களுடைய குரலுக்குப் பின்னாலேயே ஓடினாள். நஜ்முன்னிசா அக்காவுக்குக் குலவை போடத் தெரியாது. அதனால் எழுந்து நின்று கை தட்டினார். பஜ்ஜி போடுகிறவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

கடைசியில் கலைமதிக்கே மூச்சு வாங்கி, கையைத் தூக்கி, "போதும் தாயிங்களா, என்னால முடியல" என்று மைக்கில் சொன்ன பிறகுதான் அடங்கியது. சினிமாப் பாட்டு கேட்ட விழாக்காரர், "அதையே இன்னொரு வாட்டி போட முடியுமா?" என்று கேட்டார். போடவில்லை. சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள், சாப்பிட்டார்கள்.

கீழே இறங்கியதும் பானுப்ரியா ஓடி வந்தாள். அம்மா நின்று குலவை போட்டதை போனில் படம் பிடித்து, அதற்குள் வகுப்புத் தோழிகள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். "நீ ஏம்மா வீட்டுல இப்படிப் போட்டதே இல்ல?" என்றாள்.

"வீட்டுல போட்டா உங்கப்பா எந்திரிச்சு ஓடிருவாரு."

சுரேஷ்குமார் அங்கேதான் நின்றிருந்தார். "நான் ஓடல. நான் அங்கதான் நின்னேன்" என்று மட்டும் சொன்னார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. பஜ்ஜிக் கடைப் புகை என்றார்.

இப்போது அக்கரை என்றால் நாலு பேர். அந்தப் பாட்டுக்கு ஆஃப்ரின் லேப்டாப்பைத் தொடுவதில்லை; எப்போது முடிக்க வேண்டும் என்பதை எதிரே இருக்கும் பெண்கள்தான் சொல்கிறார்கள். தஞ்சாவூரில் சீக்கிரம் முடிந்தது, மணப்பாறையில் முடியவே இல்லை. கலைமதி வாரத்தில் ஆறு நாளும் ரவிக்கைதான் தைக்கிறாள். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் மட்டும் மோரும் ஐஸும் தொடமாட்டாள். ஒருமுறை ஆசைப்பட்டு ஒரு வரி பாடிப் பார்த்தாள். தைரியராஜ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க குலவையே போடுங்க" என்றார்.

போன மாதம் சென்னையில் ஒரு விழா. மைக் வைக்கிறவர் ஒவ்வொருவரிடமும் வந்து வாத்தியத்தைப் பார்த்துக்கொண்டே போனார். வெறும் கையோடு நின்ற கலைமதியிடம் வந்து, "உங்க இன்ஸ்ட்ருமென்ட் எங்கக்கா?" என்று கேட்டார்.

கலைமதி நாக்கை நீட்டிக் காட்டினாள்.