டெல்மரின் ஒரே ஹிட்

மில்ஃபோர்டு ரிட்ஜ் சிறுவர் பேஸ்பால் லீக்குக்கு இன்று அறுபது வயது. அதில் நாற்பத்தொரு வருடம் ஸ்கோர் எழுதியவர் லோர்னா குஸ்மிக். பந்து தப்பிப் போனால் அது அடித்தவனின் ஹிட்டா, பிடிப்பவன் கோட்டைவிட்ட எரரா என்று தீர்ப்பது அந்த அம்மாளின் பென்சில்தான். எந்தப் பெற்றோர் முறைத்தாலும் மசியமாட்டார். ஒரே ஒருமுறை மசிந்தார்.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்பு, ரஸ் என்ற பையன் ஆட்டம் முழுக்க ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் பந்து வீசிக்கொண்டிருந்தான். அவன் அப்பாவைப் புதைத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கடைசிச் சுற்றில் மட்டையோடு வந்தவன் டெல்மர். அந்த சீசன் முழுக்கக் காற்றை மட்டுமே அடித்த பிள்ளை, ஒரு பந்தை நறுக்கென்று அடித்து முதல் பேஸுக்கு ஓடிவிட்டான். பிடிக்கப் பாய்ந்தவனின் கையுறை நுனியை அது உரசிப் போனது. சுத்தமான ஹிட். லோர்னா எரர் என்று எழுதினார். பாவம் ரஸ் என்று பார்த்தார், டெல்மரைப் பார்க்கவில்லை. முதல் ஹிட் அடித்த பந்தை அந்தப் பையனுக்கே கொடுத்தனுப்புவது இங்கே வழக்கம். ஹிட்டே கொடுக்காத ஆட்டத்தின் நினைவாக அந்தப் பந்து ரஸ்ஸிடம் போனது; டெல்மர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனான். அதற்குப் பிறகு அவனுக்கு ஹிட்டே விழவில்லை.

இன்றைய விழாவில் ரஸ்ஸின் அந்தப் பந்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் சுவரில் மாட்டப்போகிறார்கள். பேச அழைத்திருப்பது லோர்னாவைத்தான். இருபது வருடமாகச் சம்பளமில்லாமல் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் டெல்மர், குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் லோர்னா கடித்த ஹாட் டாக்கை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"என்ன மிசஸ் குஸ்மிக், ஹாட் டாக் ஒத்துக்கலயா?" என்றான் அவன்.

"நான் எழுதுனதுதான் ஒத்துக்கல," என்று சொல்லிவிட்டு, அந்த ஆட்டத்து ஸ்கோர் நோட்டோடு மைக் முன்னால் போய் நின்றார்.

"அன்னிக்கு டெல்மர் அடிச்சது ஹிட்டு. நான்தான் மாத்தி எழுதிட்டேன். ரஸ், மன்னிச்சிடுப்பா. டெல்மர், நீயும்."

பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ரஸ்ஸின் முகம் சுருங்கியது. சுருங்காதா பின்னே? ஆயுசுக்கும் அவனுக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான். பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றவன், மெல்ல அதைத் திறந்து பந்தை எடுத்தான்.

"டேய், புடிடா. இது உன்னோடது."

டெல்மரின் கையெல்லாம் சுண்ணாம்பு. வந்த பந்து வழுக்கிக் கீழே விழுந்தது. அவன் மண்டியிட்டு அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதான்.

லோர்னா பழைய எழுத்தை அழித்து ஹிட் என்று எழுதினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"டெல்மர், இப்ப கீழ விட்ட பாரு, அதுதான் எரர்."