லீஷன்

அந்தப் பழுப்பு உறையை என் மேசைமேல் வைத்துவிட்டுச் சித்தப்பா நின்றுகொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளை. ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. திரேஸ்புரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த அவர், வியாபார நேரத்தில் கடையைவிட்டு வெளியே வந்து நான் பார்த்ததே கிடையாது. வேட்டியில் கடலைமாவு ஒட்டியிருந்தது. இரண்டு மாதமாக விடாத இருமலுக்காக ஸ்கேன் எடுத்திருந்தார். எழுதிக் கொடுத்த டாக்டர் வெளியூர் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். அதுவரை பொறுக்க முடியாமல், குடும்பத்தில் ஆங்கில ஆசிரியையான என்னைத் தேடி வந்துவிட்டார்.

உறையில் கறுப்புப் படங்களும் ஒரு தாளும் இருந்தன. வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு 'லீஷன்' இருப்பதாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே, நோயாளியின் பழைய விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்றும் ஒரு வரி. அந்த வரியை நான் படித்தேன், ஆனால் அதில் நிற்கவில்லை. கண் முழுக்க அந்த ஒற்றைச் சொல்லில்தான் இருந்தது. ஆங்கில இலக்கியம் படித்தவள், பதினோரு வருடமாகப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள், அதற்குப் பொருள் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செல்போனை எடுத்துத் தேடினேன். நுரையீரல் என்பதையும் சேர்த்துப் போட்டதாலோ என்னவோ, வந்து விழுந்ததெல்லாம் புற்றுநோய் பற்றியே இருந்தது. என் முகம் மாறியதைச் சித்தப்பா பார்த்துவிட்டார்.

"ஏளா, மறைக்காமச் சொல்லு. ஒன்னைய நம்பித்தான் வந்திருக்கேன்."

உண்மையைச் சொல்வதுதான் துணிச்சல் என்று அப்போது நினைத்தேன். அது உண்மையா என்பதை யோசிக்கவில்லை. "புத்துநோய்க்குத்தான் அப்படி எழுதுவாங்க சித்தப்பா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தார். பிறகு தாளை மடித்து உறைக்குள் வைத்தார். "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். சித்திக்கும் தெரியாண்டாம், பிள்ளைக்கும் தெரியாண்டாம்" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்.

பிள்ளை என்றது என் தங்கையை, அதாவது அவருடைய ஒரே மகளை. கல்லூரியில் விலங்கியல் முடித்துவிட்டு, கடல் உயிரியல் மேற்படிப்புக்கு வெளியூரில் இடமும் வாங்கி வைத்திருந்தாள். விடிந்ததும் படகுகள் வந்து சேரும் இடத்துக்குப் போய், வலையில் சிக்கி வேண்டாமென்று உதறிப்போட்ட சிப்பி, நண்டு, பேர் தெரியாத பூச்சி எல்லாவற்றையும் பாட்டிலில் போட்டுக்கொண்டு வருவாள். கடையில் காலியான ஊறுகாய்ப் பாட்டில்கள் அவளுக்கென்றே கழுவிக் கவிழ்த்திருக்கும். "வியாபாரி வீட்டுல பிறந்துட்டு நண்டுக்குப் பேரு வைக்கா பாருங்க" என்று வாடிக்கையாளர்களிடம் குறைசொல்வதுபோலச் சித்தப்பா பெருமை பேசுவார். "படிக்கட்டும் அண்ணாச்சி" என்று அவர்கள் சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் அந்தப் பேச்சே.

திங்கட்கிழமை அவர் டாக்டரிடம் போகவில்லை. நான் போனில் வற்புறுத்தியபோது, "தெரிஞ்சுபோச்சுல்லா, இனி அவரு என்ன புதுசாச் சொல்லப் போறாரு? கத்தி வச்சா படுத்துருவேன். நான் நடமாடும்போதே பிள்ளைய ஒருத்தன் கையில குடுத்துறணும்" என்றார். அந்த வாரமே எட்டயபுரத்திலிருந்து ஒரு இரும்புக்கடைக்காரர் குடும்பம் பெண் பார்க்க வந்தது. இருபத்தாறாம் நாள் கல்யாணம் என்று முடிவாயிற்று. திடீரென்று இவருக்கு என்ன வந்தது என்று வீட்டில் எல்லோரும் குழம்பினார்கள். ஜாதகத்தில் ஏதோ சொல்லிவிட்டதாகச் சித்தி அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

தங்கை என் வீட்டுக்கு ஓடி வந்தாள். சமையலறையில், அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் நின்றோம். "நீ சொன்னா அப்பா கேப்பாவ அக்கா. ரெண்டே வருசம். படிச்சு முடிச்சதும் யாரைச் சொன்னாலும் கட்டிக்கிடுதேன்னு சொல்லு" என்று அழுதாள். சித்தப்பாவுக்குக் கொடுத்த சத்தியம் என்னைத் தடுத்தது. அப்பன் சாகப்போகிறான் என்று தெரியாமல் இந்தப் பெண் படிப்புக்கு அழுகிறதே என்ற எண்ணத்தில் அவள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. "அப்பா சொல்லுதத கேளு. எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு கல்யாணம் முடிகிறவரை அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மறுவீட்டு விருந்தும் முடிந்த பிறகுதான் சித்தப்பா டாக்டரைப் பார்க்கச் சம்மதித்தார். நான்தான் கூடப் போனேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முன்னால காசநோய் வந்திருக்கா?" என்று கேட்டார். சித்தப்பா என் பக்கம் திரும்பாமல், தன் கல்யாணத்துக்கு முன்பு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டதைச் சொன்னார். பெண் தரமாட்டார்கள் என்று அன்றைக்கு மறைத்தது, பிறகு அப்படியே மறந்தும் போயிருந்தது.

"அந்தத் தழும்புதான் இது. ஆறிப் பல வருசம் ஆச்சு" என்றார் டாக்டர். இருமல் மிளகாய்வற்றல் நெடியால் வந்த ஒவ்வாமையாக இருக்கலாம் என்றார். சளியைச் சோதிக்க எழுதிக் கொடுத்தார், அதிலும் பிறகு ஒன்றும் வரவில்லை. "அப்போ லீஷன்னு எழுதியிருந்தாங்களே டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். "லீஷன்னா உடம்புல பழுதுபட்ட இடம், அவ்வளவுதாம்மா. புண்ணும் லீஷன்தான், கட்டியும் லீஷன்தான், ஆறின தழும்பும் லீஷன்தான். இங்க ஏதோ இருக்குன்னு மட்டும்தான் அந்த வார்த்தை சொல்லும். என்னன்னு சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் நாங்க இருக்கோம். கேன்சர்னு யாரு சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். "கடைக்கு வந்த யாரோ சொன்னாவ சார்."

வெளியே வந்ததும் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்று சிரித்தார். பிழைத்துக்கொண்ட சிரிப்பு. ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அது மெதுவாக அடங்கியது. "பிள்ளைய அவசரப்பட்டுத் தள்ளிவிட்டுட்டனே" என்றார்.

தங்கையின் வாழ்க்கை கெட்டுப்போனது என்று சொல்லிவிட முடியாது. அவள் கணவர் நல்ல மனிதர், அதிர்ந்து பேசாதவர். இரண்டு பிள்ளைகள். இடம் கிடைத்த கடிதத்தை எங்கே வைத்தாள் என்று யாருக்கும் தெரியாது. முதல் வருடம் சித்தப்பாவே எட்டயபுரம் போய், மருமகனிடம் படிப்பைப் பற்றிப் பேசிப் பார்த்தார். அவரும் தடை சொல்லவில்லை. ஆனால் அதற்குள் அவள் உண்டாகியிருந்தாள். "இனிமே எதுக்குப்பா" என்று சொல்லிவிட்டாள்.

சித்தப்பா அதன்பின் ஏழு வருடம் இருந்தார். போன ஆடியில் கடையில் உட்கார்ந்திருந்தபடியே மாரடைப்பில் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்தபோது, பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்ததை முதல்முறையாக அவளிடம் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும் அக்கா. பெரியவன் பிறந்தப்பமே அப்பா சொல்லிட்டாவ. அக்கா மேல வருத்தப்படாதளா, நான்தான் அவசரப்பட்டேன்னாவ."

இத்தனை வருடமும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என் வீட்டுக்கு வந்து, என் கையால் சாப்பிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் போயிருக்கிறாள். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியவில்லை.

கழுவிய குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளே பேசினாள். "எனக்கு ஒன் மேல கோவம் இல்லக்கா. ஆனா, தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

உள்ளே அவளுடைய சின்னவள் அழும் சத்தம் கேட்டது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.