மேம்பாலத்தில் நின்ற நண்டு வண்டி

பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய குப்பங்களில் நண்டு வண்டி ஓட்டுகிற ஒரே பெண் துர்காதேவிதான். ஆசைப்பட்டு ஸ்டியரிங் பிடித்தவள் இல்லை. புருஷன் குணாளனுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் குழறிப்போனது. வீட்டு வாசலில் அவனுடைய பழைய பிக்கப் வண்டி சும்மா நின்றது. அவன் நன்றாக இருந்த காலத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் ஓட்டிப் பழகியிருந்தாள். லைசென்ஸ் எடுத்தாள், ஏறி உட்கார்ந்தாள்.

காலையில் குப்பத்து ஆட்கள் பிடித்து வரும் சேற்று நண்டுகளைக் கொடுக்கைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கு போட்டு, கூடை கூடையாக ஏற்றுவார்கள். வெயில் ஏறுவதற்குள் அவை கும்மிடிப்பூண்டி ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும். உயிரோடு போனால்தான் நண்டு. செத்துப்போனதைக் கம்பெனிக்காரன் கேட்டுக்கு உள்ளேயே விட மாட்டான்.

கோடை தொடங்கியபோது வண்டி மிஸ்ஸிங் ஆக ஆரம்பித்தது. சமமான ரோட்டில் ஒழுங்காகத்தான் போகும். பாரத்தோடு மேடு ஏறினால் எஞ்சின் ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடிக்கும். உடம்பு முழுக்க ஒரு உதறல். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுக்காது. காலையில் ஸ்டார்ட் ஆவதற்குள் பேட்டரி அழுதுவிடும்.

கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஜெயராஜ் நல்ல மனுஷன். டீசல் ஃபில்டரை மாற்றினார். பிறகு எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிக் கொடுத்துச் சரிபார்த்து வாங்கினார். வால்வு இடைவெளியைச் சரிசெய்து டாப்பெட் வைத்தார். ஒவ்வொரு தடவையும் டேங்கை நிரப்பி, வெறும் வண்டியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். அப்போது குதிரை மாதிரி ஓடும்.

"நல்லாத்தானம்மா போவுது?" என்பார்.

"இப்ப போவுதுண்ணா. நாளைக்குப் பாரத்தோட மேடு ஏறச் சொல்ல உதறும். எனுக்குத் தெரியும்," என்பாள் துர்காதேவி. அப்படியேதான் ஆகும்.

ஒரு நாள் வழியில் நின்று நின்று போனதில் மூன்று கூடை நண்டு செத்துவிட்டது. குப்பத்தில் எல்லாருக்கும் பெரியவர் தேசப்பன். துர்காவுக்குப் பெரியப்பா முறை. அவர் வந்து வண்டியின் டயரைப் பார்த்தபடியே பேசினார்.

"துர்கா, விடிய விடிய சேத்துல நின்னு புடிச்சிகினு வர்ற நண்டு. பசங்க பேசிக்கிறாங்க. இன்னொரு தரம் இப்டி ஆச்சின்னா வேற வண்டி வச்சிக்குவாங்க. நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

"சரி பண்ணிடறேன் பெரியப்பா."

எப்படிச் சரி பண்ணுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் குணாளனைத் தூக்கிப் பிடித்து நடத்தி வந்து, பக்கத்து சீட்டில் உட்காரவைத்து எஞ்சினை ஓடவிட்டாள்.

"கேளு மாமா. இத்தினி வருசம் நீதான ஓட்டுன? இன்னா ஆச்சி இதுக்கு? எங்கன்னு கையையாச்சும் காட்டேன்."

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். வாய் கோணி ஏதோ வந்தது, வார்த்தையாகவில்லை. மறுபடி முயன்றான். இடது கையால் தன் தொடையிலேயே ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம், வுடு, வுடு," என்றாள். அவனை இப்படிச் சோதித்தது தப்பு என்று பட்டது. எஞ்சினை அணைத்தாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் வண்டி எப்படியோ ஓடியது. சித்திரை வெயிலில், வண்டி நிறைய நண்டோடு கவரைப்பேட்டை மேம்பாலத்தில் ஏறும்போது, பாதி ஏற்றத்தில் உதறியது. ஒரு கியர் குறைத்தாள். இன்னும் உதறியது. நின்றுவிட்டது.

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஜெயராஜுக்குப் போன் போட்டாள்.

"பம்பு போயிருக்கும்மா. கயட்டிதான் ஆவணும். ஒரு மணி நேரம் பொறு, ஆள அனுப்பறேன்."

"ஒரு மணி நேரத்துல எல்லாம் செத்துடும்ணா!"

சாக்கை விலக்கிப் பார்த்தாள். நண்டுகளின் வாயில் நுரை தள்ளியிருந்தது. கேனில் இருந்த உப்புத் தண்ணீரை டியூப் வைத்துத் தெளித்தாள். தெளிக்கத் தெளிக்கத் தண்ணீர் தீர்ந்தது. கடவுளே, கங்கையம்மா, யாரையாவது அனுப்பு என்று வாய்விட்டே சொன்னாள். யாரும் வரவில்லை. கையில் டியூப் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பாவின் படகு ஞாபகத்துக்கு வந்தது. அதில் டேங்க் கிடையாது. டீசல் கேனை உயரக் கட்டி, டியூப் வழியே எஞ்சினுக்குள் இறங்கவிடுவார்; கீழேயிருந்து இழுக்க வேண்டிய வேலையே இல்லை. ஜெயராஜ் ஃபில்டரை மாற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே அவள். டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் பைப்பைக் கழற்றினாள். சீட்டுக்கு அடியில் வைத்திருந்த டீசல் கேனை எடுத்து, கேபினுக்கு மேலே கம்பியில் நண்டுக் கயிற்றால் கட்டினாள். டியூப்பில் இருந்த தண்ணீரை ஊதித் தள்ளிவிட்டு, அதன் ஒரு முனையைக் கேனிலும் மறு முனையை ஃபில்டரிலும் செருகி, ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பை அமுக்கினாள். அவசரத்தில் பாதி டீசல் புடவையில் கொட்டியது.

சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. உதறல் இல்லை. மூடாத பானெட்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டு அந்த ஏற்றத்தை ஏறினாள். 

ஆனால் நேரம் போய்விட்டது. கம்பெனி வாசலில் கூடைகளைத் திறந்தபோது பாதிக்கு மேல் அசையவில்லை. சரிபார்க்கும் பெண் ஒவ்வொன்றாகக் கண்ணைத் தொட்டுப் பார்த்து ஒதுக்கினாள். ஒதுக்கியவை குவிந்துகொண்டே போயின. துர்காதேவி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கிருந்து நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். மேலே கட்டியிருந்த கேனைப் பார்த்ததும் ஜெயராஜ் வண்டிக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, டேங்கிலிருந்து வரும் இரும்பு பைப்பைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். அதன் ஒரு முனையை விரலால் அடைத்துத் தண்ணீர் வாளிக்குள் முக்கி, மறுமுனையில் ஊதினார். நடுவில் ஒரு இடத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்தது.

"நண்டுத் தண்ணி பலகைச் சந்துல சொட்டி சொட்டி அரிச்சிருக்கும்மா. டீசல் ஒழுவியிருந்தா மொத நாளே பாத்திருப்பேன். இது வெளிய வுடல, காத்த உள்ள இழுத்திருக்கு, அதான் எஞ்சினுக்கு டீசல் பத்தல. டேங்க் ரொம்பி, வெறும் வண்டியா போனா தெரியாது. நான் அப்டித்தான ஓட்டிப் பாத்தேன்..." அரித்த பைப்பை அவள் கையில் கொடுத்தார். புதுப் பைப்பை வேறு பக்கமாக, தண்ணீர் படாமல் கொண்டுபோய்ப் பூட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அரித்த பைப்பைக் குணாளன் மடியில் வைத்தாள். அவன் பெருவிரலால் தடவித் தடவி அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தான். கண்ணில் நீர் வழிந்தது. அவளும் அழுதாள்.

தேசப்பனிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். 

"பொன்னேரிக்காரன் வண்டிய, சேதி வந்ததுமே பேசிட்டாங்கம்மா. ஒன் மேல கோவம் இல்ல. ஆனா அவங்க வயித்தப் பாக்கணும் இல்ல?" என்றார். பிறகு, "என் நண்ட நீயே எடுத்துகினு போ. மத்தவங்கள நான் கட்டாயப்படுத்த முடியாது."

மறுநாள் அவ்வளவு பெரிய வண்டியில் இரண்டே கூடை ஏறின. அதையே ஏற்றிக்கொண்டு போனாள். மழைக்காலம் தொடங்குவதற்குள் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் வரவே இல்லை. காலியாகக் கிடக்கும் இடத்தில் இப்போது அவள், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் கம்பெனி ஒன்றுக்குத் தண்ணீர் கேன் ஏற்றிப் போகிறாள்.